ஆடிக்குப் போன ரெஜிஸ்டர்

போன வாரம் ஷாலினி போன் செய்தாள். நான் வேலை பார்த்த ஃபேக்டரியின், மண்ணை ஏற்றித் தொட்டியைத் தூக்கிக் கொட்டுகிற டம்பர் வண்டிகளுக்கு இப்போது எலக்ட்ரானிக்ஸ் செய்து கொடுக்கும் பெங்களூர் கம்பெனியில் இருக்கிறாள். மாரிகுப்பத்திலிருந்து தினமும் ரயிலில் போய் வருகிற பெண். பழைய டம்பரின் புரோகிராமைப் புதிய சிப்புக்கு மாற்றும் வேலை அவள் தலையில் விழுந்திருக்கிறது. ரயில் சத்தத்துக்கு நடுவில் கத்திக் கேட்டாள்.

"மேடம், ஒரே ரெஜிஸ்டரை சி பக்கமும் சேவ் பண்ணிக்கீறீங்க, அசெம்ப்ளி பக்கமும் சேவ் பண்ணிக்கீறீங்க. ஒண்ணு வேஸ்ட்டு தானே? எத்த எடுத்துடட்டும்?"

அதோடு விடவில்லை. இரண்டு இடத்திலும் ஏதோ கமெண்ட் இருக்கிறதாம். பொண்ணு என்றும் ஆடி என்றும் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் எழுதியிருக்கிறதாம். ஏதாவது வைரஸா என்று அவளுடைய மேனேஜர் கேட்டாராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதையும் தொடாதே, விவரமாக எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால், அந்த இரண்டு வரியை விளக்க ஒரு கல்யாணத்தையே விளக்க வேண்டியிருக்கிறது.

பணி ஓய்வு பெற்றவர்கள் எழுதும்போது பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. அப்பா தங்கச் சுரங்கத்தில் மரம் முட்டுக் கொடுக்கும் டிம்பர்மேன். நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. ஃபேக்டரியில் சேர்ந்தேன், சால்டரிங்கில் விரலைச் சுட்டுக்கொண்டேன், பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு டம்பர் என்று கேட்டவர்களிடமெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி வாய் நீண்டது. அந்த வாயோடு கண்ட்ரோல் செக்ஷனுக்குப் போய்ச் சேர்ந்தேன். சுரங்கம் மூடுவதற்குச் சில வருஷம் முந்தைய காலம் அது.

அங்கே மூன்று மேஜை. சுவரோரம் ஒன்றில் கோதண்டபாணி சார், எதிர்ச் சுவரில் தசரதன் சார், நடுவில் நான். இவர் கை நீட்டினால் என் மேஜை, அவர் கை நீட்டினாலும் என் மேஜை. அறை அவ்வளவுதான்.

கோதண்டபாணி சார் மாரிகுப்பத்துக்காரர். அவருடைய அப்பா ஷாஃப்ட் வாயில் நின்று, கேஜ் என்கிற கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்குகிறவனிடம் பித்தளை டோக்கன் கொடுத்து, மேலே வந்ததும் திருப்பி வாங்குகிற வேலை பார்த்தவர். டோக்கன் ஒன்று குறைந்தாலும் வீட்டுக்குப் போக மாட்டாராம். மகனும் அதே அச்சு. சிப்பின் ஒவ்வொரு அசைவையும் வரி வரியாகச் சொல்கிற அசெம்ப்ளி மொழியில் மட்டும்தான் எழுதுவார். ஒரு மதிப்பை அடுக்கில் தள்ளி வைக்க 'புஷ்' என்று எழுதினாரானால், அடுத்த வரியை எழுத மாட்டார். நேராகத் தாளின் அடிக்குப் போய், அதைத் திரும்ப எடுக்கும் 'பாப்' எழுதிவிட்டு, பிறகுதான் நடுவில் இருக்கும் இடத்தை நிரப்புவார். முடிந்ததும் விரலை வைத்து மேலிருந்து கீழே எண்ணுவார். போனது, வந்தது. போனது, வந்தது. வாயில் பாக்கு ஓடிக்கொண்டே இருக்கும். சி மொழியைப் பற்றிக் கேட்டால், "அது ஆபீசர் மாதிரி. தான் கீழ எறங்காது, மேல நின்னுகினு ஆளை அனுப்பும்" என்பார்.

தசரதன் சார் திருச்சிப் பக்கத்திலிருந்து ஃபேக்டரி வேலைக்கென்று வந்த குடும்பம். வெள்ளைச் சட்டை, அதில் மடிப்பு கலையாது. காலையில் வந்ததும் கம்ப்யூட்டர் மேல் போட்ட துணியை எடுத்து நாலாக மடித்து டிராயரில் வைப்பார். பிறகு கீபோர்டை ஒரு பிரஷ்ஷால் துடைப்பார். பிறகு கண்ணை மூடி ஒரு நிமிஷம் சாமி. அதன் பிறகுதான் கரண்ட் போடுவார். சி மட்டும் எழுதுவார். "என்ன வேணும்னு சொன்னாப் போதும் தேவகி, எப்படிங்கிறதை அவன் பார்த்துப்பான்" என்பார். அவன் என்றால் சி-யில் எழுதியதைச் சிப்புக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிற கம்பைலர். கம்பைலரை அவர் வீட்டு மாப்பிள்ளை மாதிரி மரியாதையாகத்தான் பேசுவார்.

ஒரே புரோகிராமில் இரண்டும் எதற்கு என்று கேட்பீர்கள். டம்பரில் முடிவெடுக்கிற வேலை நிறைய. டிரைவர் நெம்புகோலை எங்கே வைத்திருக்கிறான், தொட்டியைத் தூக்கலாமா, இறக்கலாமா என்று பார்ப்பதற்கு சி சௌகரியம். ஆனால் ஹாரன் ஓசைக்கு வேண்டிய துடிப்பு, சென்சார் படிப்பது இதெல்லாம் நூல் பிசகாத நேரத்தில் நடக்க வேண்டும். அதற்கு அசெம்ப்ளிதான் சரி. ஆகவே சி அழைக்கும், அசெம்ப்ளி வேலையைச் செய்துவிட்டுத் திரும்பும். எந்த மதிப்பு எந்தப் பெட்டியில் போக வேண்டும், எதில் திரும்ப வேண்டும் என்று இரண்டு பக்கத்துக்கும் பேசி முடித்து எழுதி, இரண்டையும் ஒன்றாகக் கோத்து சிப்பில் ஏற்றுவது என் வேலை. பெட்டி என்று நான் சொல்வதுதான் ரெஜிஸ்டர். சிப்புக்குள் இருக்கிற சின்ன இடம். கணக்கெல்லாம் அதில் வைத்துத்தான் போட முடியும். பெட்டிகள் கொஞ்சம், கேட்கிறவர்கள் நிறைய. ஒரே பெட்டியை இரண்டு பக்கமும் உபயோகித்தாக வேண்டும்.

இந்தப் பேசி முடிக்கிற பழக்கம் முற்றிப் போய்த்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். கோதண்டபாணி சாரின் மகள் புவனா டீச்சர் டிரெயினிங் முடித்திருந்தாள். தசரதன் சாரின் மகன் ரவி இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருந்தான். இரண்டு நல்ல மனுஷர்கள், இரண்டு நல்ல பிள்ளைகள், நடுவில் நான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. வைகாசியில் ராபர்ட்சன்பேட்டை மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. இரண்டு பக்கத்துப் பந்தியிலும் என்னை உட்கார வைத்துப் பரிமாறினார்கள். அந்த ஆனியில் எங்கள் அறையில் ஒரே சம்பந்தி, சம்பந்தி என்று கொஞ்சல்தான்.

ஆடி பிறந்தது. புதுப் பெண்ணை ஆடிக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். கோதண்டபாணி சார் சீரோடு வந்து மகளை அழைத்துப் போனார். ஆடி முடிந்து ஆவணி வந்தது. புவனா மாரிகுப்பத்திலேயே இருந்தாள்.

தசரதன் சார் வீட்டு வழக்கப்படி, அழைத்துப் போனவர்கள்தான் கொண்டுவந்து விட வேண்டும். கோதண்டபாணி சார் வீட்டு வழக்கப்படி, பெண் வேண்டுமென்றால் பையன் வீட்டார் வந்து கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். தானாகக் கொண்டுபோய் விட்டால் பெண்ணைத் தள்ளிவிட்ட மாதிரி ஆகிவிடுமாம். தசரதன் சார் தானாகப் போய்க் கூப்பிட்டால், எடுத்ததைத் திருப்பித் தராதவர் என்று சம்பந்தியைச் சொன்ன மாதிரி ஆகிவிடுமாம். இருவரும் கோபக்காரர்கள் இல்லை. இருவருக்கும் அந்தப் பெண் மேல் உயிர். அதனால்தான் இருவரும் அசையவில்லை.

இதில் பெரிய கூத்து ரவி. தினமும் சாயங்காலம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மாரிகுப்பம் போவான். மாமியார் கையால் பஜ்ஜி சாப்பிடுவான், புவனாவோடு உட்கார்ந்து பேசுவான், பிறகு ஒண்டியாகத் திரும்பி வருவான். பெண்டாட்டியைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு வருவதற்கென்ன என்று கேட்டேன். அவன் மாப்பிள்ளையாகத்தான் போகிறானாம், கூப்பிடப் போகவில்லையாம். கூப்பிடுவதென்றால் பெரியவர்கள் தட்டோடு போக வேண்டுமாம். கேட்ட எனக்கே தலை சுற்றியது.

அறையில் பேச்சு நின்றது. கோதண்டபாணி சார் என் பக்கம் திரும்பி, ஹாரன் ரூட்டீன் தயார் என்று அவரிடம் சொல்லு என்பார். ரூட்டீன் என்றால் ஒரு வேலைக்கென்று எழுதிய புரோகிராம் துண்டு. அவர் என்பவர் இருமினால் எச்சில் தெறிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருப்பார். நான் கழுத்தைத் திருப்பி, சார், ஹாரன் ரூட்டீன் தயாராம் என்பேன். தசரதன் சார் கேட்காதவர் மாதிரி இருந்துவிட்டு, நான் சொன்னதும் அப்போதுதான் கேட்டவர் மாதிரி, நல்லது என்று சொல்லச் சொல்வார். ஒரு முறை கோதண்டபாணி சாருக்குப் பாக்கு புரையேறிவிட்டது. தசரதன் சார் தண்ணீர்ச் செம்பை எடுத்து என் மேஜையில் வைத்தார். நான் அதை எடுத்து அந்தப் பக்கம் வைத்தேன். குடித்துவிட்டு அவர் செம்பை என் மேஜையில் வைத்தார். கழுத்து வலிக்குத் தைலம் வாங்கித் தேய்த்தேன்.

சில விஷயங்கள் என் வழியாகச் சொல்லக்கூட அவர்களுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அதைப் புரோகிராமிலேயே கமெண்டாக எழுத ஆரம்பித்தார்கள். கமெண்ட் என்பது மனுஷர் படிக்க எழுதும் குறிப்பு, சிப்புக்குள் போகாது. கோதண்டபாணி சார் தன் ரூட்டீனின் அடியில், எங்கள் வேலை முடிந்தது, மற்றதைக் கூப்பிட்டவர் பார்த்துக்கொள்ளவும் என்று எழுதினார். மறுநாள் தசரதன் சார், அவரவர் கடமையை அவரவர் அறிவார் என்று எழுதினார். நான் இரண்டையும் கோத்துக் கம்பைல் செய்தேன். எர்ரர் ஒன்றும் வரவில்லை.

அந்தச் சமயத்தில் புரோகிராம் பெரிதாகிச் சிப்பில் அடங்காமல் போனது. தசரதன் சார் கம்பைலரில் இருக்கிற சுருக்கும் வசதியைப் போட்டார். சுருங்கியது, அடங்கியது, எல்லோருக்கும் சந்தோஷம். அதற்கு முன்பு டிரைவரின் கட்டளையை, அதாவது தூக்கு, இறக்கு, நிறுத்து என்பதை, கம்பைலர் மெமரியில் பத்திரமாக வைத்திருந்தது. சுருக்கச் சொன்னதும் இடத்தை மிச்சப்படுத்த, அதை ஒரு ரெஜிஸ்டரிலேயே வைத்துக்கொள்ள ஆரம்பித்தது. அதே ரெஜிஸ்டரைத்தான் கோதண்டபாணி சாரின் ஹாரன் ரூட்டீன் துடிப்பை எண்ணுவதற்கு எடுத்துக்கொண்டிருந்தது. எண்ணிக்கை மேலிருந்து குறைந்து குறைந்து சைபருக்கு வந்ததும் ரூட்டீன் திரும்பும். திரும்பும்போது பெட்டியில் சைபர் இருக்கும். சி-காரர்கள் எதையும் சைபரிலிருந்துதான் எண்ணுவார்கள். தசரதன் சாரின் கணக்கில் சைபர் என்றால் தொட்டியைத் தூக்கு.

ஷெட்டில் சோதித்தபோது இது தெரியவில்லை, ஏனென்றால் வண்டியில் ஹாரனைக் கடைசியில்தான் மாட்டுவார்கள்.

வெள்ளோட்டம் பாலகாட் பக்கம், தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைடு மண்மேட்டுக்குப் பக்கத்து மைதானத்தில். வாங்குகிற கம்பெனி ஆட்கள் வருகிறார்கள். பந்தலுக்கு நாற்காலி, பூஜைக்குப் பூசணிக்காய், ஒரு அண்டா கேசரி எல்லாம் கொண்டுபோக வேண்டும். வேறு வண்டி எதற்கு, இவ்வளவு பெரிய டம்பர் சும்மாதானே போகிறது என்று எந்த மகராசனோ யோசனை சொன்னான். எல்லாவற்றையும் தொட்டியில் ஏற்றினார்கள். டிரைவர் பெருமாள் மாலையெல்லாம் போட்டு ஜோராக ஓட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் மூவரும் மைதானத்தில் நின்றோம், நடுவில் நான்.

ஒரு எருமை குறுக்கே வந்தது. பெருமாள் ஹாரன் அடித்தார். தொட்டி மெதுவாக மேலே எழும்பியது. நாற்காலிகள் சரிய ஆரம்பித்தன. பின்னால் வந்தவர்கள் கத்தினார்கள். என்னவோ ஆபத்து, ஜனங்களை விலகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துப் பெருமாள் இன்னும் பலமாக ஹாரன் அடித்தார். தொட்டி இன்னும் பலமாக எழும்பியது. பூசணிக்காய் உருண்டு, சுற்றிப் போடாமலே தானாக உடைந்தது. கடைசியில் அண்டா. கேசரி முழுவதும் ஒரே கட்டியாக மைதானத்தில் இறங்கியது. எருமை வந்து முகர்ந்து பார்த்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டது. ஒருவருக்கும் அடி படவில்லை என்பது அந்தக் கோலாரம்மன் புண்ணியம்.

ஜெனரல் மேனேஜர் மைசூர்ப் பக்கத்துக்காரர். பாதுகாப்பு என்றால் உயிரை விடுவார். படியில் இறங்கும்போதுகூடக் கைப்பிடியைப் பிடிக்காதவனைத் திட்டுவார். மறுநாள் எங்கள் மூவரையும் கூப்பிட்டார். விசாரணை என்றால் அது மாதிரி ஒரு விசாரணையை நான் பார்த்ததில்லை. கோதண்டபாணி சார் கம்பைலரோடு வந்த புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தார். அந்தப் பெட்டியில் வேண்டியது இருந்தால், அழைக்கிறவன்தான் அழைப்பதற்கு முன் சேமித்துக்கொள்ள வேண்டும் என்று அதில் இருந்தது. தசரதன் சாரும் ஒரு புத்தகத்தை வைத்தார். அழைக்கப்பட்டவன்தான் எடுத்த பெட்டியை எடுத்தபடியே திருப்பி வைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. ஒரே கம்பைலர்தான். அவருடையது பழைய பதிப்பு, இவருடையது புதியது. நடுவில் விதியை மாற்றியிருக்கிறார்கள். இருவர் புத்தகமும் சரி, இருவரும் தப்பில்லை, கேசரி மட்டும் தரையில்.

ஜி.எம். இரண்டு புத்தகத்தையும் மாற்றி மாற்றிப் படித்தார். வயிற்றெரிச்சல் மாத்திரை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "நனகெ ஒந்து ஹெசரு பேக்கு" என்றார். எனக்கு ஒரு பெயர் வேண்டும் என்று அர்த்தம். இரண்டையும் கோத்தவள் நீதான், யார் சேமித்திருக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும், திங்கட்கிழமை ரிப்போர்ட்டில் ஒரு பெயர் எழுது, அந்த ஆள் வடக்கே நிலக்கரிச் சுரங்க டிப்போவுக்குப் போகட்டும் என்றார்.

சாயங்காலம் புவனா என் வீட்டுக்கு வந்தாள். மாரிகுப்பத்துக்கும் குவார்ட்டர்ஸுக்கும் நடுவில், சாம்பியன் என்கிற பகுதியில், ரயில்வே கேட்டை ஒட்டி என் வீடு. ஊரில் விஷயம் பரவிவிட்டிருந்தது. காபி கொடுத்தேன், தொடவில்லை.

"தேவகிக்கா, எங்கப்பா பேர எழுதினா எங்கம்மா என்ன அந்த வீட்டுக்கு எந்த ஜென்மத்துக்கும் அனுப்பாது. மாமா பேர எழுதினா அவங்க வீட்ல என் மூஞ்சில முழிப்பாங்களா? ரெண்டு பேர்ல யார எழுதினாலும் என் பேரத்தான் எழுதறீங்க" என்றாள்.

அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தன் பெட்டி மாரிகுப்பத்தில் பிரிக்காமலே இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். பிரித்தால் அங்கேயே தங்கிவிடுவோமோ என்று பயமாம். நாளைக்குக் கட்டுகிற புடவையை மட்டும் மேலாக உருவி எடுத்துக்கொள்கிறாளாம். அவள் போன பிறகு எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. இந்தப் பெண்ணின் வாழ்க்கைக்கு நடுவில் போய் நான் உட்கார்ந்தேனே என்று இருந்தது.

ரிப்போர்ட்டில் நான் பெயர் எழுதவில்லை. எழுதியது இதுதான்: இவ்வளவு எடையுள்ள வண்டியில் ஒருவர் மட்டும் சேமித்தால் போதாது. எந்தப் பதிப்பு எப்போது மாறும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அழைக்கிறவரும் சேமிக்க வேண்டும், அழைக்கப்பட்டவரும் சேமிக்க வேண்டும். இரண்டு தடவை சேமிப்பதால் ஒரு கெடுதலும் இல்லை, கண் இமைப்பதைவிடக் குறைவான நேரம் வீணாகும், அவ்வளவுதான்.

ஜி.எம். முகம் மலர்ந்துவிட்டது. டபுள் சேஃப்டி, டபுள் சேஃப்டி என்று தொடையைத் தட்டிக்கொண்டார். டிப்போ போகிற பேச்சை மறந்தே போனார். அன்றைக்கே சர்க்குலர். நான் வேண்டுமென்று எழுதியது அவரைக் குஷிப்படுத்தத்தான் என்றாலும், சொன்னதில் பொய் இல்லை.

இரண்டு பேரும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு அவரவர் பக்கத்தில் சேர்த்தார்கள். தன் கடமை இல்லாத ஒன்றைச் செய்வதென்றால் சும்மாவா? விளக்கம் எழுதாமல் விடுவார்களா? கோதண்டபாணி சாரின் கமெண்ட்: "கொண்டுபோய் விடுவது எங்கள் கடமை இல்லை. இருந்தாலும் பொண்ணு ஆடிக்கு வந்த மாதிரியே திரும்பக் கொண்டுபோய் விடப்படும்." தசரதன் சாரின் கமெண்ட்: "அவர்கள் கொண்டுவந்து விட வேண்டியது முறை. ஆனாலும் நாங்கள் போய் அழைத்துக்கொள்வோம்." ஷாலினி, உன் மேனேஜர் பார்த்த வைரஸ் இதுதான். இரண்டையும் ஒரே நாளில் கோத்துச் சிப்பில் ஏற்றியவள் நான். படித்தேன், சிரித்தேன். அவர்கள் ரெஜிஸ்டரைப் பற்றி எழுதவில்லை என்பது என் மரமண்டையில் ஏறவில்லை.

வந்த ஞாயிற்றுக்கிழமை கோதண்டபாணி சார் பெண்ணை, பெண்டாட்டியை, பெட்டியை, சீர்த் தட்டை எல்லாம் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்குக் கிளம்பினார். அதே நேரத்தில் தசரதன் சார் பெண்டாட்டியோடு ஒரு ஆட்டோவிலும், ரவி பின்னால் ஸ்கூட்டரிலுமாக, யாரிடமும் சொல்லாமல் மாரிகுப்பத்துக்குக் கிளம்பினார்கள். கோதண்டபாணி சார் வீட்டார் பூ வாங்க பஜார் வழியாகப் போனார்கள். தசரதன் சார் வீட்டார் நேர் ரோட்டில் போனார்கள். மாரிகுப்பத்தில் பூட்டு, குவார்ட்டர்ஸில் பூட்டு.

வேண்டுமென்றே பூட்டிக்கொண்டு போய்விட்டான் என்று இருவரும் நினைத்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்தார் வந்து, அவர்கள் உங்கள் வீட்டுக்குத்தான் தட்டோடு போனார்கள் என்று சொன்ன பிறகுதான் இருவருக்கும் பகீரென்றது. விழுந்தடித்துக்கொண்டு திரும்பினார்கள். இந்தத் தடவை இருவருக்கும் அவசரம், இருவரும் நேர் ரோட்டில்.

என் வீட்டு வாசலில் நான் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். ரயில்வே கேட் சாத்தியிருந்தது. அந்தப் பக்கம் ஒரு ஆட்டோ வந்து நின்றது, கோதண்டபாணி சார் இறங்கினார். இந்தப் பக்கம் ஒரு ஆட்டோ வந்து நின்றது, தசரதன் சார் இறங்கினார். இருவர் கையிலும் தட்டு. நடுவில் மாரிகுப்பம் வண்டி தடதடவென்று போனது. கடைசிப் பெட்டி போனதும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எத்தனையோ நாளைக்குப் பிறகு என் கழுத்து திரும்பாமல் அவர்கள் பேசினது அப்போதுதான்.

"நான் கொண்டாந்து விட வந்தேன் சம்பந்தி" என்றார் கோதண்டபாணி சார்.

"நான் அழைச்சிட்டுப் போக வந்தேன் சம்பந்தி" என்றார் தசரதன் சார்.

கேட் திறந்தது. இருவரும் அசையவில்லை. தான் கொண்டுவந்து விடுவதாக இருந்தால் குவார்ட்டர்ஸ் வரைக்கும் வந்து விட்டால்தான் கணக்கு, நடு ரோட்டில் விட்டால் கணக்கில்லை என்றார் கோதண்டபாணி சார். அழைப்பதாக இருந்தால் மாரிகுப்பத்துக்கு வந்து வாசலில் அழைத்தால்தான் மரியாதை என்றார் தசரதன் சார். ஆகவே எல்லோரும் முதலில் மாரிகுப்பம் போய், அழைத்து, பிறகு எல்லோரும் குவார்ட்டர்ஸ் போய், கொண்டுவந்து விடலாம் என்று ஒரு யோசனை பிறந்தது. சரி, எந்த ஆட்டோ முன்னால் போவது? இதற்குள் இரண்டு பக்கமும் லாரி, மாடு, சந்தைக்குப் போகிறவர்கள் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. கேட் கீப்பர் கன்னடத்தில் கெட்ட வார்த்தை சொன்னார். அடுத்த வண்டிக்குக் கேட்டைச் சாத்தப் போகிறேன் என்று இறக்கவும் ஆரம்பித்தார்.

புவனா ஆட்டோவிலிருந்து இறங்கினாள். பெட்டியை எடுத்தாள். யாரையும் பார்க்கவில்லை. இறங்கிக்கொண்டிருந்த கேட்டுக் கட்டைக்குக் கீழே குனிந்து, தண்டவாளத்தைத் தாண்டி, இந்தப் பக்கம் வந்தாள். ரவியின் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் மொறையா பேசி முடிச்சிட்டு மெதுவா வாங்க" என்றாள். "நான் வூட்டுக்குப் போறேன்."

ரவி கிக்கரை உதைத்த வேகத்தில் செருப்பு கழன்று விழுந்தது. அதை எடுக்காமலே வண்டியைத் திருப்பி, பஜார் வழியாகக் குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டான்.

கட்டைக்கு இரு பக்கமும் இரண்டு அப்பாக்களும் தட்டோடு நின்றார்கள். எந்தப் பெட்டியை யார் சேமிப்பது என்று மாதக்கணக்கில் அடித்துக்கொண்டவர்களை அந்தப் பெட்டியே நகர்ந்து போய் முட்டாளாக்கிவிட்டது. கோதண்டபாணி சார்தான் முதலில் சிரித்தார். தண்டவாளத்தைத் தாண்டி வந்து தட்டைக் கட்டைக்கு மேலாக நீட்டினார். தசரதன் சார் அதை வாங்கிக்கொண்டு தன் தட்டைக் கொடுத்தார். நடு ரோட்டில், லாரி ஹாரனுக்கு நடுவில், மறுபடி ஒரு நிச்சயதார்த்தம். நல்ல வேளை, எந்தத் தொட்டியும் எழும்பவில்லை. நான் கையில் ஈரத் துணியோடு நின்று அழுதேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதன் பிறகு எந்தப் பக்கத்து முறை சரி என்று யாரும் முடிவு செய்யவே இல்லை. ஆடிக்கு ஆடி புவனா தாய் வீட்டுக்குப் போவாள். புதுப் பெண்ணுக்குத்தான் இந்த வழக்கம் என்று யார் சொல்லியும் இந்த இரண்டு கிழவர்களும் கேட்கவில்லை. ஆவணி பிறந்தால் தசரதன் சார் மாரிகுப்பத்துக்கு வந்து அழைப்பார். பிறகு கோதண்டபாணி சாரும் அதே ஆட்டோவில் ஏறி, குவார்ட்டர்ஸ் வரைக்கும் கூடவே வந்து கொண்டுவந்து விடுவார். பிரசவத்துக்குப் போய் வந்தபோதும் அப்படித்தான். அவள் மகன் ஹாஸ்டலுக்குப் போனபோது அவனையும் இருவருமாகக் கொண்டுபோய் விட்டு, இருவருமாக அழைத்து வந்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் நேரம் வீண், வேறு கெடுதல் இல்லை.

போன மாசியில் கோதண்டபாணி சார் போய்விட்டார். ஆவணி பிறந்ததும் தசரதன் சார் என்னைக் கூப்பிட்டார், நீயும் வா தேவகி என்று. கண் சரியாகத் தெரியாது, கையில் தடி. ஆனால் வெள்ளைச் சட்டையின் மடிப்பு அப்படியே இருந்தது. மாரிகுப்பத்துக்குப் போய், வாசலில் நின்று, முறையாகப் புவனாவை அழைத்தார். ஆட்டோவில் கோதண்டபாணி சார் எப்போதும் உட்காருகிற ஓரத்தில் தசரதன் சார் தன் தடியைச் சாய்த்து வைத்தார், அங்கே யாரும் உட்காரக் கூடாது என்கிற மாதிரி.

தசரதன் சார் வீட்டுக்கு முன்னால் இறங்கியதும் புவனா உள்ளே போகப் பார்த்தாள். நில்லு என்றார். அவளோடு தெருப் பக்கம் வந்து நின்றார். பெட்டியைத் தன் கையில் வாங்கி வாசற்படியில் வைத்தார். என்ன செய்கிறார் என்று எங்களுக்குப் புரியவில்லை. பிறகு தடியை ஊன்றி மெதுவாகப் படியேறி, உள்ளே போய், எங்கள் பக்கம் திரும்பி நின்றார்.

"உங்கப்பா கொண்டாந்து விட்டுட்டார்" என்றார். "இப்ப நான் கூப்பிடுறேன். வாம்மா."

ஷாலினி, புது கம்பைலர் தானாகவே எல்லாவற்றையும் சேமித்துக்கொள்ளும் என்கிறாய். சேமிக்கட்டும். அந்த இரண்டு வரியில் ஒன்றையும் எடுக்காதே.